ராங்லர் டிஜே: இரண்டு ஆக்ஸிலிலும் லாக்கர், 3.07-லிருந்து 4.56 விகிதம் – முழு நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட வண்டி 1999-ஆம் ஆண்டு ஜீப் ராங்லர் டிஜே. 4.0 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின், ஏஎக்ஸ்15 ஐந்து கியர் மேனுவல், விசையை முன் பின் ஆக்ஸில்களுக்குப் பிரிக்கும் என்வி231 டிரான்ஸ்ஃபர் கேஸ். முன்னால் டானா 30 ஆக்ஸில், பின்னால் டானா 35. இரண்டிலும் கம்பெனி கொடுத்த விகிதம் 3.07, அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் 3.07 முறை சுற்றும். வண்டிக்கு 4 அங்குலம் உயரம் கூட்டி, 28 அங்குல டயரைக் கழற்றி 33 அங்குல டயர் போட்டாயிற்று. ஓட வேண்டிய இடம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள மோவாப். அங்குள்ள மணற்பாறை ரப்பரை நன்றாகப் பிடிக்கும் பாறை. சேற்றில் ஓடும் வண்டியின் தேவை வேறு, இந்தப் பாறையில் ஏறும் வண்டியின் தேவை வேறு. கீழே எடுத்திருக்கும் முடிவுகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு காரணத்தால் வந்தவை.

குறைகள் மூன்று. பள்ளத்தில் குறுக்காக இறங்கும்போது ஒரு பின் சக்கரம் காற்றில் தூக்கினால், அது மட்டும் சும்மா சுற்றுகிறது, வண்டி நிற்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ ரேஞ்சில், முதல் கியரிலும் பாறை இறக்கத்தில் வண்டி வேகமாக ஓடுவதால் பிரேக்கும் கிளட்சும் மாறி மாறி வேலை செய்கின்றன. நெடுஞ்சாலையில் ஐந்தாம் கியரில் எஞ்சின் முக்குகிறது. முதல் குறைக்கு மருந்து, ஆக்ஸிலின் இரு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டும் லாக்கர். மற்ற இரண்டுக்கும், ஆக்ஸிலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடியான கிரவுன் வீல், பினியனின் விகிதம். இரண்டு வேலைக்கும் ஆக்ஸிலின் கூடான ஹவுசிங்கைத் திறந்து, அதே பேரிங்குகளைக் கழற்றி, அதே அளவுகளை எடுக்க வேண்டும் என்பதால் இவற்றைத் தனித்தனியாகச் செய்வது கூலிக்கு இரட்டைத் தண்டம்.

ஓப்பன் டிஃபரென்ஷியல் ஏன் நிற்கிறது

இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் சாதாரண (ஓப்பன்) டிஃபரென்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் எப்போதும் சம முறுக்குவிசையைத்தான் தரும். வேகம் மாறலாம், விசை மாறாது. ஆகவே பிடிப்புக் குறைந்த சக்கரம் எவ்வளவு தாங்குகிறதோ, அதே அளவுதான் மற்றதற்கும் கிடைக்கும்.

பின் ஆக்ஸிலின் மேல் 800 கிலோ எடை, சக்கரத்துக்கு 400 என்று வைத்துக் கணக்குப் போடுவோம். ஒரு சக்கரம் ஈரச் சேற்றில், உராய்வு 0.1. மற்றது காய்ந்த பாறையில், உராய்வு 0.9. சேற்றுச் சக்கரம் தரக்கூடிய தள்ளுவிசை 40 கிலோ. பாறைச் சக்கரத்தால் 360 தர முடியும், ஆனால் ஓப்பன் டிஃபரென்ஷியல் அதற்கும் 40-ஐத்தான் அனுப்பும். மொத்தம் 80. லாக் செய்தால் 40-உம் 360-உம் சேர்ந்து 400. அதே எஞ்சின், அதே டயர், ஐந்து மடங்கு இழுவை. ஒரு சக்கரம் முழுதாகக் காற்றில் இருந்தாலோ ஓப்பனில் கிடைப்பது பூஜ்யம்.

லாக்கர் விற்பவர்கள் இந்தக் கணக்கோடு நிறுத்திக்கொள்வார்கள். அதன் அடுத்த வரியில்தான் செலவு இருக்கிறது. ஒரு சக்கரம் தூக்கி, 800 கிலோவும் மற்ற சக்கரத்தில் இறங்கும்போது லாக்கான ஆக்ஸிலில் என்ன நடக்கும்? 800 கிலோ, 0.9 உராய்வு, டயரின் ஆரம் சுமார் 0.40 மீட்டர். பெருக்கினால் ஏறத்தாழ 2,800 நியூட்டன் மீட்டர், முழுவதும் ஒரே ஆக்ஸில் ஷாஃப்டின் வழியாக. இரு சக்கரமும் தரையில் இருக்கும்போது ஒரு ஷாஃப்ட் காணும் அதிகபட்சம் இதில் பாதி, சுமார் 1,400. ஏற்றத்தில் எடை பின்பக்கம் சாய்வதால் உண்மையில் இதைவிட மோசம். எஞ்சினால் இவ்வளவு தர முடியுமா என்ற கேள்விக்கே இடமில்லை. எஞ்சினின் 300 நியூட்டன் மீட்டரை லோ ரேஞ்ச் முதல் கியரில் 32 மடங்கு பெருக்கினால் 9,600 வருகிறது.

ஓப்பன் டிஃபரென்ஷியல் தன்னை அறியாமல் ஷாஃப்டைக் காத்து வந்தது. லாக்கர் போட்டவுடன் அந்தக் காவல் போய்விடும். ஆகவே முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்த லாக்கர் என்பதல்ல, எந்த ஷாஃப்ட் என்பது.

டானா 35-ஐ ஏன் கைவிட வேண்டும்

டானா 35-இன் ஷாஃப்ட் 27 ஸ்ப்ளைன் (முனையில் வெட்டிய நீளப் பல்), விட்டம் சுமார் 1.18 அங்குலம். டானா 44-இல் 30 ஸ்ப்ளைன், 1.31 அங்குலம். முறுக்கைத் தாங்கும் வலிமை விட்டத்தின் மும்மடிப்படி ஏறும். உலோகம் ஒன்றே என்றாலும் 1.31-இன் மும்மடியை 1.18-இன் மும்மடியால் வகுத்தால் 1.37 வருகிறது. பார்வைக்கு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம், வலிமையில் 37 சதவீதம்.

அதைவிடக் கவலைக்குரியது சி-கிளிப். டிஜேயில் வரும் டானா 35-இல் ஷாஃப்டை உள்ளே பிடித்து வைப்பது, கிரவுன் வீலைத் தாங்கிச் சுற்றும் கேரியருக்குள் இருக்கும் ஒரு சிறு வளையம் மட்டுமே. ஷாஃப்ட் இடையில் முறிந்தால் வெளித்துண்டைப் பிடிக்க எதுவும் இல்லை. சக்கரம் டிரம்மோடு சேர்ந்து ஹவுசிங்கை விட்டு வெளியே நகரும். பாறைத் தடத்தில் இது வண்டியை முடக்கும். திரும்பி வரும் வழியில் நெடுஞ்சாலையில் நடந்தால் உயிருக்கு ஆபத்து. டானா 44-இல் ஷாஃப்டின் வெளிமுனையில் அழுத்திப் பொருத்திய பேரிங்கும், நாலு போல்ட்டில் நிற்கும் தகடும் பிடித்திருக்கின்றன. ஷாஃப்ட் முறிந்தாலும் சக்கரம் இடத்தில் நிற்கும்.

வழிகள் மூன்று இருந்தன. அதே டானா 35 ஹவுசிங்கில் 30 ஸ்ப்ளைன் கலப்பு உருக்கு ஷாஃப்டும் அதற்குரிய லாக்கரும் போடலாம். ஷாஃப்ட் பலமாகும், ஆனால் மெல்லிய குழாயும் 7.6 அங்குலத்துக்குள் அடங்கும் கிரவுன் வீலும் அப்படியே இருக்கும். 1995 முதல் 2001 வரையிலான ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரரின் 8.8 அங்குல ஆக்ஸிலை எடுத்து வரலாம். 31 ஸ்ப்ளைன், டிஸ்க் பிரேக், பழைய இரும்புக் கடையில் மலிவு. ஆனால் டிஜேயின் ஸ்பிரிங், கன்ட்ரோல் ஆர்ம் பிராக்கெட்டுகள் அத்தனையையும் வெல்டிங் செய்தாக வேண்டும், அதிலும் சி-கிளிப்தான் இருக்கிறது. மூன்றாவது, டிஜேயிலேயே கூடுதல் விலைக்கு வந்த டானா 44-ஐ அப்படியே மாற்றுவது. பிராக்கெட்டுகள் இடத்தில் உட்காரும், வெல்டிங் இல்லை. இந்த வண்டிக்கு மூன்றாவதே பொருத்தம். வெல்டிங்கில் கைதேர்ந்தவர் கூடவே இருந்தால் 8.8-ஐக் குறை சொல்ல முடியாது; இடம் பிசகாமல் பிடித்து நிறுத்தும் ஜிக் சட்டம் இல்லாமல் கண்ணளவில் பிராக்கெட் ஒட்டிய 8.8, நேராக ஓடாத வண்டியாக முடியும்.

டானா 44 மாற்றும்போது பலர் மறப்பது ப்ரொப்பல்லர் ஷாஃப்ட். 44-இன் பினியன் மூக்கு 35-ஐவிட நீளம், பழைய ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் அந்த இடத்தில் அடங்காது. 4 அங்குலம் உயர்த்திய டிஜேக்கு டிரான்ஸ்ஃபர் கேஸின் முன்பின் நழுவும் ஸ்லிப் யோக்கை எடுத்துவிட்டு நிலையான யோக் போடுவது எப்படியும் தேவை. அதோடு இரட்டைக் கிராஸ் (வளைந்து சுழல விடும் சிலுவை மூட்டு) உள்ள ப்ரொப்பல்லர் ஷாஃப்டை, வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்கும்போது அளந்து செய்து வாங்கினால் இரண்டும் ஒரே செலவில் முடியும். இந்த வகை ஷாஃப்டுக்குப் பினியன் நேராக டிரான்ஸ்ஃபர் கேஸை நோக்க வேண்டும், 1 முதல் 2 டிகிரி கீழே இருக்கலாம். முடுக்கும்போது பினியன் அந்த அளவுக்கு மேலே எழும்பிக்கொள்ளும்.

முன்னால் டானா 30 இருக்கட்டும்

33 அங்குல டயருக்கு டானா 30 போதும். 35 அங்குல டயருக்குப் போனால் இந்தப் பதில் மாறும். அதன் கிரவுன் வீல் 7.1 அங்குலம்தான், ஷாஃப்டும் 27 ஸ்ப்ளைன்தான். ஆனால் முதலில் உடைவது ஷாஃப்டின் கிராஸ். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, லாக்கரைப் போட்டு, சக்கரம் பாறை இடுக்கில் சிக்கியிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், கிராஸின் கப் வெளியே துள்ளி யோக்கின் காதைக் கிழிக்கும். கிரீஸ் நிப்பிள் இல்லாத, குளிர்நிலையில் அடித்து உருவாக்கிய ஸ்பைசர் 760 வகை கிராஸ், நிப்பிள் உள்ளதைவிட உறுதி. கிரீஸ் போக உள்ளே துளை இல்லை என்பதே காரணம்.

30 ஸ்ப்ளைன் கலப்பு உருக்கு ஷாஃப்ட் முன்னாலும் கிடைக்கிறது. இங்கே அது வேண்டாம் என்று முடிவு. 27 ஸ்ப்ளைன் லாக்கரை எடுத்தால் பழைய ஷாஃப்டுகளை வண்டியிலேயே மாற்றாக எடுத்துச் செல்லலாம், எந்த இரும்புக் கடையிலும் இன்னொன்று கிடைக்கும். எதை எடுத்தாலும் சரி, ஸ்ப்ளைன் எண்ணிக்கையை முடிவு செய்த பிறகுதான் லாக்கரை ஆர்டர் செய்ய வேண்டும். 27-க்குச் செய்த லாக்கரில் 30 ஸ்ப்ளைன் ஷாஃப்ட் நுழையாது.

எந்த லாக்கர்

கிளட்ச் தட்டு வகை லிமிடெட் ஸ்லிப், ஒரு சக்கரம் காற்றில் தூக்கும்போது போதாது. தட்டு தேயத் தேய இன்னும் போதாது. கியர் வகை லிமிடெட் ஸ்லிப் மழைச் சாலைக்கும் பனிக்கும் அருமையானது, ஆனால் தூக்கிய சக்கரத்துக்குப் பிரேக்கை லேசாக மிதித்துப் பாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும். பழைய கேரியருக்குள்ளேயே ஸ்டார் பினியனை எடுத்துவிட்டுப் போடும் சிறிய தானியங்கி லாக்கர் விலை குறைவு, கிரவுன் வீலைத் தொட வேண்டாம். டெட்ராய்ட் வகை முழுத் தானியங்கி லாக்கர் இரும்பு போல உழைக்கும். ஆனால் டிஜேயின் சக்கர இடைவெளி 93.4 அங்குலம்தான். இவ்வளவு குட்டையான வண்டியின் பின்னால் தானியங்கி லாக்கர் போட்டால், வளைவில் ஆக்ஸிலரேட்டரை விட்டு மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் துள்ளும், ‘டமார்’ என்று சத்தம் போடும். பனிப் பாதையின் பக்கச் சரிவில் இரு பின் சக்கரமும் சேர்ந்து வழுக்கும்.

பாறைக்கும் போகும், வாரம் முழுவதும் சாலையிலும் ஓடும் வண்டிக்கு, வேண்டும்போது மட்டும் பூட்டும் லாக்கரே சரி. இரண்டு ஆக்ஸிலிலும் ஏஆர்பி ஏர் லாக்கர் தேர்ந்தெடுக்கப்பட்டது. பூட்டாதபோது அது முழு ஓப்பன். சுவிட்சைப் போட்டால் காற்றழுத்தம் ஒரு வளையத்தைத் தள்ளி சன் கியரைக் கேரியரோடு இணைக்கும், நூற்றுக்கு நூறு பூட்டு. 2003-இல் வந்த ராங்லர் ரூபிகானில் கம்பெனியே முன்னும் பின்னும் டானா 44-உம் காற்றில் இயங்கும் லாக்கரும் 4.11 விகிதமும் கொடுத்தது இதே கணக்கில்தான்.

நம் ஊர்த் தார் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. மஹிந்திரா தாரின் பின் ஆக்ஸிலில் வரும் ஈட்டன் மெக்கானிக்கல் லாக்கர் இந்த வகையல்ல. இரு சக்கரத்துக்கும் இடையே சுழற்சி வேறுபாடு நிமிடத்துக்கு 100-ஐத் தொட்டால் உள்ளே சுழலும் எடைகள் விரிந்து தானே பூட்டும். சுமார் 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் பூட்டாது. சுவிட்ச் இல்லை. ஆகவே சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் பயந்து காலை எடுக்காமல், சீராக அரை நொடி சுற்ற விட வேண்டும். ‘டொக்’ என்ற சத்தத்தோடு பிடிக்கும்.

விகிதக் கணக்கு

ஏஎக்ஸ்15-இன் முதல் கியர் 3.83, டிரான்ஸ்ஃபர் கேஸ் லோ 2.72. இவற்றோடு 3.07-ஐப் பெருக்கினால் 32. 4.10 என்றால் 42.7, 4.56 என்றால் 47.5, 4.88 என்றால் 50.8. இறக்கத்தில் பிரேக் இல்லாமல் இறங்க எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது.

நெடுஞ்சாலையில் மணிக்கு 65 மைல், அதாவது 105 கிலோமீட்டரில், ஐந்தாம் கியரில் பார்ப்போம். பழைய 28 அங்குல டயரில் எஞ்சின் சுமார் 1,890 ஆர்பிஎம்மில் ஓடியது. 33 போட்டதும் அது 1,600-க்கு விழுந்துவிட்டது. முக்கலுக்குக் காரணம் இதுவே. 4.10-இல் 2,140, 4.56-இல் 2,380, 4.88-இல் 2,550. பழைய வேகத்துக்குத் திரும்பினால் போதும் என்றால் 3.6 போதும். ஆனால் கம்பெனியின் 3.07 சிக்கனத்துக்காக வைத்தது. உயர்ந்து நிற்கும் வண்டியின் காற்றெதிர்ப்பையும் கனமான டயரையும் சேர்த்தால் 4.0 எஞ்சினுக்கு 2,300-க்கு மேல்தான் சுகம்.

4.88 ஏன் வேண்டாம்? டானா 30-இன் பினியனைப் பார்க்க வேண்டும். 3.07-இல் கிரவுன் வீலுக்கு 43 பல், பினியனுக்கு 14. 4.56-இல் 41-க்கு 9. 4.88-இல் 39-க்கு 8. விகிதம் ஏற ஏற பினியனின் தலை சிறுக்கும், ஒரே நேரத்தில் கடிபடும் பற்கள் குறையும். 7 அங்குலக் கிரவுன் வீலில் தேவையில்லாமல் ஒரு படி கூடப் போவது வலிமையைக் கொடுத்து விகித எண்ணை வாங்குவது. 4.56-இல் நிறுத்தியாயிற்று. முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருந்தாக வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 4.10-உம் 4.11-உம் கலந்தால் பாதகமில்லை, அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் பிடிப்புள்ள தரையில் டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுகி நிற்கும்.

இன்னொரு கண்ணி: கேரியர் பிரிவு. விகிதம் மாறும்போது பினியன் சிறுக்கிறது, கிரவுன் வீல் அதை எட்ட வேண்டும், ஆகவே கேரியரின் விளிம்பு இடம் மாறும். டானா 30-இல் 3.54 வரை ஒரு கேரியர், 3.73-லிருந்து வேறு. டானா 44-இல் 3.73 வரை ஒன்று, 3.92-லிருந்து இன்னொன்று. பழைய வண்டியில் என்ன இருந்தது என்று பார்த்து லாக்கர் வாங்கினால் தவறான பெட்டி வீடு வந்து சேரும். போடப்போகும் 4.56-ஐச் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

அளவு எடுத்துப் பொருத்துதல்

ஆக்ஸில் ஒன்றுக்குத் தேவையானவை: லாக்கர், கிரவுன் வீல்–பினியன் செட், புதுக் கேரியர் பேரிங்குகளும் பினியன் பேரிங்குகளும், சிம் செட் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்), பினியன் சீல், புது நட், நசுங்கும் குழல் (பினியன் பேரிங்குகளுக்கு இடையே நசுங்கி இறுக்கத்தை நிர்ணயிப்பது), பற்கள் கடிபடும் தடத்தைக் காட்டும் மார்க்கிங் பேஸ்ட். கருவியில் காந்த அடியுள்ள டயல் கேஜ், அங்குல-பவுண்டு காட்டும் டார்க் ரெஞ்ச், பேரிங் புல்லர், ஹைட்ராலிக் பிரஸ் இல்லாமல் தொடங்கவே கூடாது. எண்ணெய் டானா 30-க்கு 1.2 லிட்டர், டானா 44-க்கு 1.9 லிட்டர், 80டபிள்யூ-90 ஜிஎல்-5. முதல் 800 கிலோமீட்டரில் மாற்றுவதால் இரட்டிப்பாக வாங்கவும்.

பேரிங் கேப்புகளைக் கழற்றும் முன் பஞ்ச் வைத்து இடம் வலம், மேல் கீழ் குறிக்கவும். இவை ஹவுசிங்கோடு சேர்த்தே துளையிடப்பட்டவை. மாற்றிப் போட்டால் பேரிங் வட்டமாக உட்காராது. ஹவுசிங் ஸ்பிரெடர் உபயோகித்தால் 20 தவ்வுக்கு மேல் விரிக்கக் கூடாது. தவ் என்பது பட்டறை மொழியில் ஆயிரத்தில் ஓர் அங்குலம். அதற்கு மேல் விரித்த ஹவுசிங் பழைய நிலைக்குத் திரும்பாது.

பழைய பினியனின் உள் பேரிங் அடியில் இருந்த சிம்மின் தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்து எழுதிவைப்பது ஆரம்பப் புள்ளி. பினியன் தலையில் செதுக்கிய எண் கழித்தலில் இருந்தால் அந்த அளவு சிம்மைக் கூட்ட வேண்டும், கூட்டலில் இருந்தால் குறைக்க வேண்டும். பழையதில் +2, புதியதில் −3 என்றால் பழைய சிம்மோடு 5 தவ் சேர்த்துத் தொடங்கலாம். தொடங்கலாம், அவ்வளவுதான். கடைசித் தீர்ப்பு பேஸ்ட் காட்டும் தடத்தில்.

சிம் மாற்றும் ஒவ்வொரு முறையும் பேரிங்கைப் பிரஸ்ஸில் ஏற்றி இறக்கினால் நாலாவது முறையில் பேரிங் கெட்டுவிடும். பழைய பேரிங்கின் உள்விட்டத்தைச் சற்றே குடைந்து, கையாலேயே நழுவும்படி செய்து வைத்துக்கொண்டால் அளவு எடுக்க அதுவே போதும். பட்டறைகளில் அவசரத்தில் தவிர்க்கப்படும் முதல் வேலை இது. ஊளைச் சத்தத்தோடு திரும்பி வரும் வண்டிகளில் பல இந்த இடத்தில்தான் தவறு நடந்தவை.

கிரவுன் வீலை லாக்கரில் ஏற்ற, அதைக் கொதிநீர்ச் சூட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினால் தானே உட்காரும். போல்ட்டை முறுக்கி இழுத்து உட்கார வைத்தால் ஒரு பக்கம் சாய்ந்து ஏறும். ஏற்றும் முன் இரு முகத்தையும் விரலால் தடவிப் பார்க்கவும். ஒரு சிறு பிசிறு போதும், கிரவுன் வீல் ஆடி ஓட. போல்ட் மரையில் சிவப்பு லாக்டைட் பசை, குறுக்கு நெடுக்காக முறுக்குதல்.

அளவுகள்: பேக்லாஷ், அதாவது பற்களுக்கு இடையிலான ஆட்டம், 5 முதல் 8 தவ், அதாவது 0.12 முதல் 0.20 மில்லிமீட்டர். கிரவுன் வீலில் நாலு இடத்தில் அளந்து, வித்தியாசம் 2 தவ்வுக்குள் இருக்க வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து 3 தவ் சிம்மை எடுத்து மறுபக்கம் போட்டால் பேக்லாஷ் சுமார் 2 தவ் மாறும். ஆட்டம் நின்ற நிலைக்கு மேல் கேரியர் பேரிங்குகளுக்கு மொத்தம் 15 தவ் கூடுதல் சிம், ப்ரீலோடுக்காக, அதாவது பேரிங்கின் முன்னிறுக்கத்துக்காக. கேரியர் சுத்தியல் தட்டு இல்லாமல் கையால் உள்ளே போனால் ப்ரீலோட் போதவில்லை என்று பொருள்.

பேஸ்ட் தடம்: பினியன் அதிக ஆழத்தில் இருந்தால் தடம் பல்லின் அடியில் ஒட்டும். ஆழம் போதாவிட்டால் நுனியில் ஓடும். நடுவில், ஓரங்கள் மங்கி முடியும் தடம் வேண்டும். ஆழத்தைச் சரிசெய்யும்போது 2 முதல் 5 தவ் வரை நகர்த்தி, பேக்லாஷை மறுபடி அளந்து, மறுபடி பேஸ்ட். முன் ஆக்ஸிலில் ஒரு நுணுக்கம். டிஜேயின் டானா 30-இல் பினியன் தாழ்ந்து இருக்கும். வண்டி முன்னோக்கி ஏறும்போது பாரம் பல்லின் ‘கோஸ்ட்’ பக்கத்தில், குழிந்த முகத்தில் விழும். பின் ஆக்ஸிலில் பழகிய கண் ‘டிரைவ்’ பக்கத் தடத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடையும். முன்னால் கோஸ்ட் பக்கத் தடம் அழகாக வரும் வரை விடக் கூடாது.

தடம் முடிந்த பிறகே புதுப் பேரிங், புது நசுங்கும் குழல், புது சீல். குழல் நசுங்கத் தொடங்க 300 அடி-பவுண்டு வரைகூடக் கேட்கும், ஆகவே யோக்கைப் பிடிக்க நீளமான இரும்புப் பட்டை தேவை. நசுங்க ஆரம்பித்தபின் கால் சுற்றுக்கும் குறைவாக முறுக்கி, பினியனைச் சுழற்றி, அளந்து, மறுபடி. புதுப் பேரிங்குக்குச் சுழற்சித் தடை 15 முதல் 30 அங்குல-பவுண்டு, கேரியரும் ஆக்ஸில் ஷாஃப்டும் இல்லாதபோது அளந்தது. தாண்டிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்யும் எண்ணம் வேண்டாம். நசுங்கிய குழல் திரும்ப நீளாது; பேரிங் ஆடும், பினியன் முன்பின் நகரும், பல் தின்னும். குழலைத் தூக்கிப் போட்டுப் புதிதாகத் தொடங்குவதே வழி. இரண்டு குழல் கூடுதலாக வாங்கி வைப்பது இதற்காக.

காற்றுக் குழாய்

ஹவுசிங்கின் மேற்புறம், கிரவுன் வீல் தொடாத இடத்தில் 7/16 அங்குலத் துளை இட்டு 1/4 அங்குல என்பிடி குழாய் மரை வெட்ட வேண்டும். ட்ரில் பிட்டிலும் டேப்பிலும் கிரீஸ் தடவினால் தூள் ஒட்டிக்கொள்ளும். பிறகு காந்தம், பிறகு டீசலில் கழுவுதல். கேரியர் வெளியே இருக்கும்போதே இந்த வேலையை முடித்துவிட வேண்டும்.

லாக்கரின் சீல் ஹவுசிங்கிலிருந்து வரும் செப்புக் குழாய் கிரவுன் வீலிலிருந்து நன்றாக விலகி வளைய வேண்டும். ஓ-ரிங்குகளுக்கு எண்ணெய் பூசாமல் ஏற்றினால் ஓரம் வெட்டுப்படும், அது அப்போது தெரியாது. மூடி போடும் முன் காற்றை ஏற்றி, கம்ப்ரசர் நின்றபின் கால் மணி நேரம் காத்திருக்கவும். கம்ப்ரசர் தானே மறுபடி ஓடினால் கசிவு இருக்கிறது. சோப்பு நுரையில் ஒவ்வொரு இணைப்பாகத் தேடவும். வெளியில் எங்கும் குமிழி இல்லையென்றால் கசிவு உள்ளே, ஓ-ரிங்கில். அது மூடிய பின் தெரிந்தால் மொத்தமும் திரும்பக் கழற்ற வேண்டும்.

காற்று போகும் நீலக் குழாய் சைலென்சரிலிருந்து விலகி, ஆக்ஸில் முழுதாகத் தொங்கும்போதும் இறுகாத நீளத்தில் போக வேண்டும். வயரிங்கில் பின் லாக்கர் சுவிட்ச் போட்ட பிறகே முன் லாக்கர் இயங்கும்படி இணைப்பது வழக்கம், மாற்ற வேண்டாம். முன் லாக்கர் மட்டும் போட்ட வண்டியில் ஸ்டியரிங் கனமாகி, வண்டி நேராகப் போகவே அடம் பிடிக்கும்.

முன் ஷாஃப்டை மாட்டும்போது ஹப் பேரிங்கின் மூன்று போல்ட்டுக்கு 75 அடி-பவுண்டு, ஆக்ஸில் நட்டுக்கு 175. இந்த நட்டை, நட் முறுக்கும் காற்றுத் துப்பாக்கியில் கண்ணளவில் முறுக்கி விடுவதால்தான் பல ஹப் பேரிங்குகள் சீக்கிரம் சாகின்றன.

ஓட்டிப் பார்த்தல், பிழை தேடுதல்

வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, கியரில் போட்டு, எஞ்சினை அணைத்தபடி ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றவும். பூட்டாதபோது எதிர்ச் சக்கரம் எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். லாக்கரைப் போட்டால் இரண்டும் அசையக் கூடாது. முன் ஆக்ஸிலுக்கு டிரான்ஸ்ஃபர் கேஸ் 4-வீலில் இருக்க வேண்டும்.

முதல் ஓட்டம் 25 முதல் 30 கிலோமீட்டர், மிதமான வேகம், பிறகு அரை மணி நேரம் ஆற விடுதல். நிறுத்தியதும் பினியன் மூக்கைத் தொடவும். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் பினியன் ப்ரீலோட் அதிகம், அந்தப் பேரிங் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறது. 800 கிலோமீட்டர் வரை இழுவை வேலையும் முழு ஆக்ஸிலரேட்டரும் கூடாது. புதுப் பற்கள் சூட்டில் ஒன்றையொன்று பழகும் காலம் அது. அதில் தீய்ந்த பல்லின் ஊளை கடைசிவரை போகாது.

ஹவுசிங்கின் காற்றுத் துளையான பிரீதர் வழியாக எண்ணெய் துப்பினால் எண்ணெய் அதிகம் என்று நினைக்கத் தோன்றும். லாக்கர் போட்ட நேரத்தில் மட்டும் துப்புகிறதா என்று பார்க்கவும். அப்படியென்றால் ஓ-ரிங் கசிந்து ஹவுசிங்குக்குள் காற்று ஏறுகிறது. முடுக்கும்போது மட்டும் ஊளை என்றால் முதல் சந்தேகம் பினியன் ஆழம். காலை எடுக்கும்போது மட்டும் என்றால் பினியன் பேரிங்கின் ஆட்டத்தை முதலில் பார்க்க வேண்டும். வேகத்தோடு ஏறும் உறுமல், கிளட்சை மிதித்தாலும் மாறாவிட்டால், கேரியர் அல்லது சக்கர பேரிங். சுவிட்சை அணைத்தும் லாக்கர் விடவில்லை என்றால் பயப்பட வேண்டாம், இரு சக்கரத்துக்கும் இடையே ஷாஃப்ட் முறுகி நிற்கிறது. நேராகச் சில அடி பின்னால் எடுத்தால் விடுபடும்.

ஸ்பீடோமீட்டரையும் கவனிக்க வேண்டும். 4.56-ஐ 3.07-ஆல் வகுத்து, 28-ஐ 33-ஆல் வகுத்து, இரண்டையும் பெருக்கினால் 1.26. டிரான்ஸ்ஃபர் கேஸில் உள்ள பிளாஸ்டிக் ஸ்பீடோ கியரை மாற்றாவிட்டால் 80-இல் ஓடும் வண்டி 100 காட்டும். பழைய கியரின் பற்களை எண்ணி 1.26-ஆல் பெருக்கினால் தேவையான எண் கிடைக்கும். பற்களின் எண்ணிக்கை மாறும்போது அதைத் தாங்கும் கூட்டையும் திருப்பி, அதில் குறித்திருக்கும் பல் வரம்பு கீழே வரும்படி வைக்க வேண்டும்.

800 கிலோமீட்டரில் எண்ணெயை வடித்துப் பார்க்கும்போது காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருப்பது இயல்பு. விரலில் நெருடும் செதில் இருந்தால் அன்றே மூடியைத் திறந்து பல்லைப் பார்க்க வேண்டும், மோவாப் பயணத்தைத் தள்ளி வைக்க வேண்டும்.